காற்றா, ஏஐஓவா, கஸ்டம் லூப்பா: 700 வாட் வெப்பத்தை எதனிடம் ஒப்படைப்பது?

கட்டட வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக ரெண்டர் செய்து கொடுக்கும் நண்பர் ஒருவர், சென்ற கோடையின் தொடக்கத்தில் என்னிடம் வந்து, "எழுபதாயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், சிஸ்டத்துக்குக் கஸ்டம் வாட்டர் கூலிங் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து, வீட்டு அறையிலேயே குரல் பதிவும் காணொளித் தொகுப்பும் செய்து தொழில் நடத்தும் இன்னொரு நண்பர் அதே கேள்வியோடு தொலைபேசியில் அழைத்தார். இருவரும் சென்னையில் இருப்பவர்கள். இருவரிடமும் இருப்பவை ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டும்தான். அப்படியிருந்தும் முதலாமவரிடம் வேண்டாம் என்றும், இரண்டாமவரிடம் தாராளமாகப் போடுங்கள் என்றும் சொன்னேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் பலர் என்பதால், அந்த இரண்டு பதில்களுக்குமான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒப்பிடப்போவது மூன்று வழிகளை: ஃபேன் கொண்டு குளிர்விக்கும் காற்றுக் கூலர், ஆலையிலேயே மூடி வரும் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) தண்ணீர்த் தொகுப்பு, பாகங்களை நாமே இணைக்கும் கஸ்டம் லூப் என்ற தண்ணீர்ச் சுற்று.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

பெரும்பாலோர் "எது அதிகம் குளிர வைக்கும்?" என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அது தேவையான கேள்விதான் என்றாலும், அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பணம் வீணாகும். என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியவை ஆறு.

முதலாவது, வெப்பம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வாட் வருகிறது என்பது. இரண்டாவது, கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் வெப்பநிலை, குறிப்பாக ஏசி ஓடாத நேரத்தில். மூன்றாவது, சத்தம். நான்காவது, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அதைப் பிரித்து, கழுவி, மீண்டும் மாட்ட உங்களால் ஒதுக்க முடியும் என்பது. ஐந்தாவது, பழுதானால் எப்படிப் பழுதாகும் என்பது, அதாவது வேலை மட்டும் நிற்குமா, அல்லது பக்கத்தில் இருக்கும் பாகத்தையும் சேர்த்துக் கெடுக்குமா. ஆறாவது, ஐந்து ஆண்டுக் காலத்தில் ஆகும் மொத்தச் செலவு. இதில் வாங்கும் விலையோடு, அடுத்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாறும்போது எது பயன்படாமல் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் முதல் இரண்டும் இயற்பியல். அவற்றை எந்த நிறுவனத்தின் தயாரிப்பாலும் மீற முடியாது என்பதால், அவற்றை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

## வெப்பம் பிறக்கும் இடம்

ரைசன் 9 9950எக்ஸ் முழுச் சுமையில், மதர்போர்டில் அது அமரும் சாக்கெட் வழியாக அதிகபட்சம் 230 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 5090 தனியாகவே 575 வாட் வரை எடுக்கும். கார்டில் ரெண்டர் ஓடும்போது ப்ராசஸர் பாதிச் சுமையில்கூட இருக்காது. ஆகவே இரண்டும் மற்றப் பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 700 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் கார்டில்தான் பிறக்கிறது. வாட்டர் கூலிங் பற்றிப் பேசும் பெரும்பாலோர் ப்ராசஸரிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால் பேச்சு கார்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 9950எக்ஸின் கோர்கள் சுமார் 70 சதுர மி.மீ. பரப்புள்ள இரண்டு சிறிய சில்லுகளில் அடங்கியிருக்கின்றன. அந்தச் சிறிய பரப்பில் பிறக்கும் வெப்பம் மேலே இருக்கும் தடித்த உலோக மூடியைக் கடந்துதான் கூலரைத் தொட முடியும். எனவே கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூடிக்குள்ளேயே வெப்பம் தேங்கி நிற்கிறது. 5090இன் சில்லு சுமார் 750 சதுர மி.மீ. பரப்புள்ளது, மூடி எதுவும் கிடையாது, உள்ளே தண்ணீர் ஓடும் உலோகக் கட்டியான வாட்டர் பிளாக் அதன் மேல் நேராக அமரும். அதனால்தான் தண்ணீரின் பலன் ப்ராசஸரில் சில டிகிரியோடு நின்றுவிட, கார்டில் பதினைந்து, இருபது டிகிரி வரை கிடைக்கிறது. ரைசன் 7000 வரிசை 2022இல் வந்தபோதே, 95 டிகிரியில் ஓடுவது வடிவமைப்பின்படியே என்று அதைத் தயாரிக்கும் ஏஎம்டி விளக்கியிருந்தது. ஆகவே ப்ராசஸர் 90ஐத் தொடுகிறது என்பதற்காக மட்டும் பதற்றப்படத் தேவையில்லை.

## அறையின் வெப்பநிலைதான் அடித்தளம்

காற்றோ தண்ணீரோ, இங்கே பேசப்படும் எந்த முறையும் ஒரு பாகத்தை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. சென்னையில் மே மாதம், ஏசி ஓடாத அறை இரவிலும் 34, 35 டிகிரியில் இருக்கும். 22 டிகிரி அறையில் எடுத்த அளவீடுகளைப் பார்த்துவிட்டு அதே எண்களை இங்கே எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒவ்வொரு எண்ணோடும் குறைந்தது 12 டிகிரியைக் கூட்டிக்கொண்டு படிக்க வேண்டும். அறை வெப்பநிலைக்குக் கீழே போகாததால் ஒரு நன்மையும் உண்டு: நம் ஊர்ப் புழுக்கத்தில் குழாயின் மேல் தண்ணீர் வியர்த்து மதர்போர்டில் சொட்டும் என்ற பயம் தேவையற்றது.

கம்ப்யூட்டருக்குள் பிறக்கும் 700 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வந்து சேர்கிறது. ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றக்கூடியது என்றால், அதில் ஐந்தில் ஒரு பங்கு வேலை கம்ப்யூட்டருக்கே போய்விடுகிறது. கூலரை மாற்றினால் அறை குளிரும் என்று நினைப்பது தவறு; சில்லு குளிரும், அறை அதே வேகத்தில்தான் சூடாகும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

## காற்றுக் குளிர்விப்பு

நோக்டுவா நிறுவனத்தின் என்எச்-டி15 என்ற காற்றுக் கூலர் 2014இல் வந்தது. இரண்டு ஃபேன்களோடு 1.3 கிலோ எடை, 165 மி.மீ. உயரம். 2024இல் அதன் இரண்டாம் தலைமுறை வந்தது. இவற்றுக்கு மிக அருகில் வரும் திறனை, தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் போன்ற இரட்டைக் கோபுரக் கூலர்கள் அதன் விலையில் பாதிக்கும் குறைவாகவே தருகின்றன. தோராயமாக நான்காயிரம் முதல் பதினாலாயிரம் ரூபாய்க்குள் இந்த வகை முழுவதும் அடங்கிவிடும். 230 வாட் ப்ராசஸரை இவை தாங்கும். கோடையில் வெப்பநிலை எல்லையைத் தொட்டு, ப்ராசஸர் தன் வேகத்தைச் சிறிதளவு தானே குறைத்துக்கொள்ளும். ரெண்டர் நேரத்தில் அந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

பழுது என்று பார்த்தால் இதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஒரு ஃபேன் நின்றாலும் மற்றது ஓரளவுக்கு வேலையை ஓட்டிவிடும். புதிய சாக்கெட்டுக்கு மாறினாலும் மவுண்டிங் கிட் மட்டும் வாங்கிப் பழைய கூலரையே பயன்படுத்தலாம்.

இதன் மறைமுகச் செலவு கேபினெட்டில் இருக்கிறது. கார்டு கக்கும் 575 வாட் சூடான காற்று மேலே எழும்பி ப்ராசஸர் கூலருக்குள்தான் நுழைகிறது. முன்பக்கம் வலைபோன்ற பலகையும் மூன்று பெரிய ஃபேன்களும் இல்லாத கேபினெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த கூலரைப் போட்டாலும் பயனில்லை. ரேம் குச்சிகளின் உயரத்தையும் கேபினெட்டின் அகலத்தையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். வீடு மாறும்போது, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கூலரைக் கழற்றாமல் சிஸ்டத்தை வண்டியில் ஏற்றக் கூடாது, மதர்போர்டு வளைந்துவிடும்.

ப்ராசஸரை மட்டும் குளிர்விப்பது நோக்கம் என்றால், சிஸ்டத்தைத் திறக்கவே விருப்பமில்லை என்றால், அல்லது கணினி ஓடாத ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு என்றால், வேறு யோசனையே வேண்டாம், காற்றைத் தேர்ந்தெடுங்கள்.

## ஏஐஓ

பம்ப், தண்ணீரின் வெப்பத்தைக் காற்றில் கலக்கும் ரேடியேட்டர், குழாய் எல்லாம் ஆலையிலேயே இணைக்கப்பட்டு, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் நிரப்பி மூடப்பட்டு வரும் தொகுப்பு இது. 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ளவை ஒன்பதாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் வரை விலை போகிறது. நல்ல காற்றுக் கூலரைவிடப் பொதுவாகச் சில டிகிரி குறைவாக வைத்திருக்கும். அதைவிட முக்கியமாக, ரேடியேட்டரைக் கேபினெட்டின் ஓரத்தில் வைக்க முடிவதால், ப்ராசஸரின் வெப்பம் உள்ளே சுற்றாமல் நேரே வெளியேறும். சிறிய கேபினெட்டில் பெரிய கோபுரக் கூலருக்கு இடமில்லாதபோது இதுவே சரியான தேர்வு.

இதன் குறை, உள்ளே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது என்பதே. குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கு ஆண்டு சிறிதளவு தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், ப்ராசஸரைத் தொடும் தட்டு செம்பு. இரண்டையும் ஒரே தண்ணீரில் அரிக்காமல் காப்பது கூலன்டில் கலந்திருக்கும் ரசாயனம்தான். அது வலுவிழக்கும் காலமும், பம்பின் ஆயுளும் சேர்ந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பம்ப் நின்றுவிட்டால் பழுதுபார்க்க வழியில்லை. முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும், அதுவரை கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பம்ப் எப்போதும் ரேடியேட்டரின் மேல்முனையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று எப்போதும் உயர்ந்த இடத்தைத் தேடிப் போகும். அந்த உயர்ந்த இடம் பம்பாக இருந்தால் கரகரவென்ற சத்தமும் குறைந்த ஆயுளும்தான் மிஞ்சும்.

575 வாட் கார்டுக்கு இந்த வகையால் எந்த உதவியும் இல்லை. ஏஐஓ பொருத்தியே விற்கப்படும் கார்டுகள் சில உண்டு என்றாலும், ஒரு கேபினெட்டில் இரண்டு தனித்தனி ரேடியேட்டர்களுக்கு இடம் தேடும் சிக்கல் அதோடு சேர்ந்தே வரும்.

## கஸ்டம் லூப்

பம்ப், ரிசர்வாயர் என்ற தண்ணீர்த் தொட்டி, ரேடியேட்டர், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் தனித்தனி வாட்டர் பிளாக், அவற்றை இணைக்கும் குழாய், குழாயைப் பாகத்தோடு பிணைக்கும் ஃபிட்டிங் என்று ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்து இணைப்பது இது. கார்டும் ப்ராசஸரும் ஒரே தண்ணீரைப் பகிர்ந்துகொள்ளும். எது முதலில், எது பின்னால் என்ற வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஓட்டம் இருந்தால், 700 வாட் சேர்ந்தும் சுற்றின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே தண்ணீரின் வெப்பநிலை இரண்டரை டிகிரிதான் மாறும்.

வரிசையைவிட எத்தனை ரேடியேட்டர் என்பதே முக்கியம். நடுத்தர வேகத்தில் ஃபேன் சுழலும்போது, ரேடியேட்டரில் ஒரு ஃபேன் அமரும் ஒவ்வொரு 120 மி.மீ. பரப்பும், தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி சூடாக இருக்கையில் ஏறக்குறைய 100 வாட்டை வெளியேற்றும் என்பது அனுபவக் கணக்கு. மூன்று 120 சேர்ந்த 360 ரேடியேட்டர் ஒன்றை மட்டும் போட்டால் 300 வாட்டுக்குப் பத்து டிகிரி. 700 வாட்டுக்கு 23 டிகிரி. 35 டிகிரி அறையில் தண்ணீர் 58ஐத் தொடும். பரவலாகப் பயன்படும் டி5 பம்புக்குச் சொல்லப்படும் மேல் எல்லை 60 டிகிரி. பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கடினக் குழாயும் அந்த வெப்பத்தை நெருங்கும்போது இளகத் தொடங்கி, ஃபிட்டிங்கில் பிடி தளர்ந்துவிடும். குளிர்நாட்டில் ஒரு ரேடியேட்டரோடு நன்றாக ஓடும் அமைப்பு இங்கே குழாயைக் கழற்றிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு 360 போட்டால் தண்ணீர் 47 அளவில் நிற்கும். கார்டு அதற்கு மேல் பதினைந்து டிகிரி, அதாவது 62 அளவில் இருக்கும். காற்றில் அதே கார்டு 75ஐத் தாண்டியிருக்கும்.

ஆனால் ப்ராசஸர்? அது தன் தண்ணீரைவிட 40 டிகிரி வரை சூடாக ஓடக்கூடியது. கார்டும் சேர்ந்து தண்ணீரை 47க்கு ஏற்றிவிட்டால், ப்ராசஸர் முழுச் சுமையில் மீண்டும் 87க்கே வந்து நிற்கும். எழுபது, எண்பதாயிரம் செலவழித்த பிறகும் ப்ராசஸரின் எண் காற்றுக் கூலரை ஒட்டியே இருப்பதைப் பார்த்து மனம் நொந்தவர்களை நான் அறிவேன். லூப்பில் எந்தத் தவறும் இல்லை. அதனிடம் எதிர்பார்த்ததுதான் தவறான பாகத்தின் மேல் இருந்தது.

சோதித்துப் பார்க்கும்போது குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் சுடுவதற்கு நேரம் எடுக்கும் என்பதால், முதல் ஐந்து நிமிட எண்கள் எப்போதும் அழகாகவே தெரியும்.

### மறைந்திருக்கும் செலவுகள்

இரண்டு ரேடியேட்டர், பம்போடு சேர்ந்த ரிசர்வாயர், இரண்டு பிளாக், ஆறு ஃபேன் என்று கூட்டும்போதே தொகை எழுபதாயிரத்தை நெருங்கிவிடும். புதியவர்கள் கணக்கில் எடுக்க மறப்பது ஃபிட்டிங்கை. ஜி கால் அங்குல மரையுள்ள இந்தச் சிறு பித்தளைத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டும். நேரானவை பன்னிரண்டு, வளைவானவை நான்கைந்து, வடிகட்டும் வால்வு ஒன்று என்று சேர்ந்தால் பத்தாயிரத்துக்குக் குறையாது. பல பொருள்கள் இறக்குமதி என்பதால், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று கிழிந்தாலும் மாற்று வரும்வரை காத்திருக்க நேரிடும். ஆகவே எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கார்டின் பிளாக் அந்த ஒரு கார்டுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே 5090 என்றாலும், ஒவ்வொரு நிறுவனமும் கார்டின் சர்க்யூட் பலகையைத் தன் விருப்பப்படி அமைப்பதால், ஒன்றுக்குச் செய்த பிளாக் மற்றதில் அமராது. பிளாக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டை வாங்க வேண்டும். நிவிடியாவே வெளியிட்ட ஃபவுண்டர்ஸ் எடிஷனில் சில்லின் மேல் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. அனுபவமில்லாத கைகள் அதைத் திறக்கக் கூடாது. மற்றக் கார்டுகளிலும், கூலரைக் கழற்றினால் வாரண்டி தொடருமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் கூலரையும் அதன் திருகுகளையும் பெட்டியில் பத்திரமாக வைத்திருங்கள். கார்டை விற்கும் நாளில் அது இல்லாவிட்டால் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள்.

அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் ஒரே சுற்றில் சேர்ப்பது மன்னிக்க முடியாத தவறு. இரண்டு உலோகங்களும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரித்துப் போகும். விலை குறைவு என்பதற்காக எதையாவது சேர்க்கும் முன், அது எந்த உலோகம் என்று கேளுங்கள்.

### கூலன்ட்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், நானே இதில் ஒரு முறை அடிபட்டதுதான். முதல் லூப்பில் அழகுக்காகப் பால்போல் வெள்ளையான கூலன்டை ஊற்றினேன். எட்டாவது மாதத்தில், தண்ணீரின் வெப்பநிலை மாறாமலே ப்ராசஸர் மட்டும் பன்னிரண்டு டிகிரி கூடியிருந்தது. பிளாக்கைக் கழற்றித் திறந்தபோது, மயிரிழை அளவு இடைவெளியில் வெட்டப்பட்ட செம்புத் துடுப்புகளுக்கு நடுவே, காய்ந்த தயிர் போல வெள்ளைப் பசை அடைத்துக்கொண்டிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷும் வெதுவெதுப்பான தண்ணீருமாக, ஒவ்வொரு வரியாகத் தேய்த்துக் கழுவ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த வகைக் கூலன்டின் நிறம், திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களால் வருவது. வெப்பமும் நாளும் ஏற ஏற அவை படியத்தான் செய்யும். அன்று முதல் நிறமற்ற, தெளிந்த கூலன்டை மட்டுமே பயன்படுத்துகிறேன். அதையும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன்.

கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ கூடவே கூடாது. அவற்றில் எஞ்சியிருக்கும் உப்புகள் படியும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரோடு, அரிப்பைத் தடுக்கும் ரசாயனமும் பாசி வளராமல் காக்கும் மருந்தும் சேர்ந்த கலவைதான் வேண்டும். எத்திலீன் கிளைகால் கலந்தவை நஞ்சு. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ இருக்கும் வீட்டில் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். அக்ரிலிக்கால் செய்த பிளாக்கையோ ரிசர்வாயரையோ ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். நுண்ணிய விரிசல்கள் ஓடி, சில வாரங்களில் கசியத் தொடங்கும்.

### முதல் இரவு

புதிய லூப்பில் தண்ணீர் ஊற்றியதும் கம்ப்யூட்டரை இயக்கக் கூடாது. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பில் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி போட்டு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் கீழும் வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து, குறைந்தது பன்னிரண்டு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். நண்பர் ஒருவருக்காகக் கட்டிய லூப்பில், விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது, கார்டுக்கு அடியில் இருந்த தாளில் கடுகளவு நீலப் புள்ளி ஒன்று இருந்தது. கடினக் குழாயை அறுத்த பிறகு அதன் விளிம்பைச் சரியாக மழுங்கத் தேய்க்காததால், உள்ளே செருகும்போது ஓ-ரிங்கில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஒரு டிஷ்யூ தாள் ஒரு கார்டைக் காப்பாற்றிய இரவு அது. முதன்முறை கட்டுபவர்கள் கடினக் குழாயின் அழகை விட்டுவிட்டு, மென்குழாயையே எடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். தண்ணீருக்கு முன் கையால் இயக்கும் காற்று பம்ப் கொண்டு அரை பார் அழுத்தத்தில் சோதிக்கும் கருவி கிடைத்தால், அதையும் வாங்கிவிடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | காற்று | ஏஐஓ 360 | கஸ்டம் லூப் |
|---|---|---|---|
| தோராயச் செலவு | ரூ. 4,000 – 14,000 | ரூ. 9,000 – 22,000 | ரூ. 75,000க்கு மேல் |
| ப்ராசஸருக்குப் பலன் | போதுமானது | சில டிகிரி கூடுதல் | ஏஐஓவை ஒட்டியே |
| 575 வாட் கார்டுக்குப் பலன் | இல்லை | இல்லை | மிக அதிகம் |
| முழுச் சுமையில் சத்தம் | கார்டின் ஃபேன் சத்தமே பெரிது | அதுவே | மிகக் குறைவு |
| ஆண்டுப் பராமரிப்பு | தூசி துடைத்தல் | தூசி துடைத்தல் | ஒரு முழு நாள் |
| பழுதின் தன்மை | ஃபேன் மாற்றினால் போதும் | முழுவதும் மாற்ற வேண்டும் | கசிவு, அடைப்பு. நாமே சரிசெய்யலாம் |
| அடுத்த தலைமுறைக்கு | பயன்படும் | ஆயுளைப் பொறுத்தது | கார்டின் பிளாக் தவிர மற்றவை பயன்படும் |

சத்தம் பற்றிய வரியை மட்டும் சற்று விளக்க வேண்டும். காற்றிலும் ஏஐஓவிலும் கார்டின் சொந்த ஃபேன்களே இரைச்சலுக்கு முதல் காரணம். ப்ராசஸருக்கு என்ன போட்டாலும் அது குறையாது. லூப்பில் அந்த ஃபேன்கள் இல்லவே இல்லை. ரேடியேட்டர் ஃபேன்களின் வேகத்தைத் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ப அமைத்தால், சுமை ஏறி இறங்கும்போதெல்லாம் உறுமி அடங்கும் சத்தமும் இருக்காது.

## எதையும் வாங்குவதற்கு முன்

பணம் செலவில்லாத நான்காவது வழி ஒன்று உண்டு. நான் எவருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடைப் போட்டு 9950எக்ஸை 105 வாட் நிலைக்கு இறக்கலாம். கார்டின் மின் எல்லையை 75 சதவீதத்துக்குக் குறைத்தால் 575 வாட் 430 ஆகிவிடும். ரெண்டர் செய்யும் நண்பரின் சிஸ்டத்தில் இரண்டையும் செய்து பார்த்தோம். 100 நிமிடம் எடுத்த ஒரு வேலை 107 நிமிடம் எடுத்தது. கார்டு பத்து டிகிரி குறைந்தது, ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கவில்லை. இரவில் ரெண்டரை ஓடவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. அவர் வாங்கியது ஒரு இரட்டைக் கோபுரக் கூலரும் வலைமுகப்புள்ள கேபினெட்டும் மட்டும்தான். ஆண்டுக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டு லூப்பைக் கழுவ அவரால் முடியாது என்பதே என் முடிவுக்கு அடிப்படை.

## வெப்பத்தை அறைக்கு வெளியே அனுப்புதல்

குரல் பதிவு செய்யும் நண்பரின் நிலை முற்றிலும் வேறு. பதிவின்போது ஏசியை அணைத்துவிடுவார். அதே அறையில் கார்டு ஓடும். ஒரு மணி நேரத்தில் அறை அனலாகும். ஃபேன் சத்தம் மைக்கில் ஏறும். காற்றாலும் ஏஐஓவாலும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே முடியாது. மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்: கஸ்டம் லூப் ஒன்றால் மட்டுமே வெப்பத்தைக் குழாய் வழியாக இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட முடியும்.

ஒன்பது 140 மி.மீ. ஃபேன்கள் பொருந்தும் மோரா வகைப் பெரிய வெளி ரேடியேட்டரைச் சாமான் அறையில் நிறுத்தினோம். ஏசி குழாய் போகும் துளையை ஒட்டி இன்னொரு துளை போட்டு, போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய் இழுத்தோம். இதனால் கூடுதலாக அரை லிட்டர் கூலன்ட் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு விரைவு இணைப்பிகள் இருப்பதால், ஒரு சொட்டுக்கு மேல் சிந்தாமல் சிஸ்டத்தைத் தனியே கழற்றி எடுக்க முடிகிறது. சாமான் அறை 34 டிகிரியில் இருந்தபோது, ஃபேன்கள் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் ஓடியும் தண்ணீர் 43ஐத் தாண்டவில்லை. ஃபேன்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், அவை நின்றுவிட்டால் உடனே தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிமிடத்துக்கு ஆறேழு டிகிரி வேகத்தில் சூடேறிவிடும். ஆகவே தண்ணீரில் ஒரு வெப்ப சென்சார் வைத்து, 50 டிகிரியில் கம்ப்யூட்டர் தானாக அணையும்படி அமைத்தோம்.

வெளி ரேடியேட்டரை நேர் வெயில் படும் பால்கனியில் வைக்கக் கூடாது. கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். டொராண்டோ போன்ற ஊர்களில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் இதை ஜன்னலுக்கு வெளியே வைக்க ஆசைப்பட வேண்டாம். தண்ணீர் அறையின் பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) கீழே போனால், சென்னையில் வராத வியர்வை அங்கே பிளாக்கின் மேல் வந்துவிடும். உறையாமல் காக்கும் கிளைகால் போதாவிட்டால் ரேடியேட்டருக்குள்ளேயே உறைந்தும் போகும்.

மொத்தச் செலவு ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. வடிகட்டும் வால்வைச் சுற்றிலேயே மிகத் தாழ்ந்த இடத்தில், ஒரு வாளி நுழையும் உயரத்தில் வைத்திருக்கிறோம். ரிசர்வாயரின் மேல் ஒட்டிய தாளில் கூலன்ட் ஊற்றிய தேதியும், மாற்ற வேண்டிய தேதியும் அவர் கையெழுத்தில் இருக்கின்றன.